10,000 அடி முடிக்காமல் படுக்க மாட்டேன் என்பவர்களுக்கு

ஜனவரி பாதி தாண்டியதும் எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் குதிகால் வலிக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். புத்தாண்டுத் தீர்மானம் இரண்டு மூன்று வாரத்தில் காலில் வந்து இறங்கியிருக்கும். வருஷா வருஷம் பார்ப்பதுதானே என்று விட்டிருந்தேன். இந்த முறை வந்த ஒருவரைப் பார்த்த பிறகு விட மனம் வரவில்லை.

வங்கியில் வேலை. ஐம்பதை நெருங்குகிற வயது. சர்க்கரை உண்டு. டார்கெட் நெருக்கடியில் தூக்கம் கெட்டு, படபடப்பு வந்து, பயந்துபோய் டாக்டரிடம் போயிருக்கிறார். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருந்ததால், "டென்ஷனைக் குறைங்க, வாக்கிங் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு, எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. மகன் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில் ஏற்கெனவே நாளுக்கு 10,000 காலடி என்று குறித்திருந்தது. அதுவரை பைக் ஸ்டாண்டிலிருந்து சீட் வரை மட்டுமே நடந்தவர் மறுநாளே 10,000-இல் ஆரம்பித்துவிட்டார்.

வங்கியிலிருந்து வீடு திரும்ப எட்டரை. சாப்பிட்டு முடித்து மணிக்கட்டைப் பார்த்தால் கணக்கு பாதிதான் ஆகியிருக்கும். மீதியை முடிக்க ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பதில் போட்டுக்கொண்டே பதினொன்றரை வரை நடை. "முடிக்காம படுத்தா தூக்கமே வர்றதில்ல மேடம்" என்றார். ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியிலேயே குதிகாலில் ஊசி ஏறியது போல ஒரு வலி. பத்து நிமிஷம் நடந்தால் குறைகிறது என்பதால் மேற்கொண்டு ஒரு வாரம் நடந்து, நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

டென்ஷன் குறைய நடக்கச் சொன்னார்கள். நடப்பதையே டென்ஷனாக்கிக்கொண்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "கரண்ட் வச்சு விட்டீங்கன்னா நாளைக்கே நடக்கலாமா?" (கரண்ட் வைப்பதும் மசாஜ் செய்வதும்தான் பிசியோதெரபி என்று ஊரே நம்புகிறது. அதற்குத் தனியாக ஒருநாள் அழ வேண்டும்.)

அந்த 10,000 எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்த அளவு அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் பரவியிருந்தது. 1965-இல் அங்கே ஒரு கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கருவியின் விளம்பரத்துக்குத் தோதாக இருந்த முழு எண்தான் 10,000. அங்கிருந்து நம் மணிக்கட்டு வரை வந்துவிட்டது. 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் அடிகளை எண்ணிப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் பலன் ஏதும் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக எழுபதைத் தாண்டியவர்கள், எல்லா வயதுக்கும் அதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் 6,000-இல் நின்றுபோன நாள் வீணான நாள் என்று அழுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் எளிமையானதுதான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான வேகத்தில் உடல் அசைய வேண்டும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சியையும் வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரேயடியாகப் பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் எடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப் வரை ஐந்து நிமிஷம் நடந்தாலும் கணக்கில் வரும்.

இனி என்னை அதிகம் எரிச்சலூட்டுகிற விஷயம். "வேர்க்கவே இல்ல மேடம், இதெல்லாம் ஒரு எக்சர்சைஸா?"

வேர்வை என்பது உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. அவ்வளவுதான். மே மாதத்தில் கரண்ட் போனால் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டை நனைகிறது. அது உடற்பயிற்சியா? மார்கழி விடியலில் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடந்தாலும் நெற்றி மட்டும்தான் ஈரமாகும். அது வீணா? வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டும் பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டுக்கொண்டும் நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். அன்று எடை மெஷினில் குறைந்தது தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். கொழுப்பு வேர்வையாக வழிந்து போவதில்லை. ஏசி ஜிம்மில் வேர்க்கவில்லை என்று ஏசியை அணைக்கச் சொல்லிச் சண்டை போட்டவரைக்கூடத் தெரியும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் வேர்க்கும். மாரடைப்பிலும் வேர்க்கும். கை நடுங்கி, கண் இருட்டி, குப்பென்று வேர்க்கும்போது "இன்னிக்கு நல்லா வேர்க்குது" என்று சந்தோஷப்பட்டு இன்னொரு ரவுண்டு போகிறவரை என்னவென்று சொல்வது?

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு: "வலிச்சாத்தான் பலன்." புதிதாக ஆரம்பித்தால் மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் பரவலாக வலிப்பது இயல்பு. ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூட்டுக்குள் குத்துவது, வீங்குவது, நாளுக்கு நாள் கூடுவது, ராத்திரி தூக்கத்தில் எழுப்புவது, இதெல்லாம் பலன் இல்லை. நிறுத்து என்று உடம்பு சொல்கிறது. மூட்டிலோ குதிகாலிலோ ஏற்கெனவே இருந்த வலி பயிற்சியால் கூடி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பவில்லையென்றால் நேற்றைய அளவு அதிகம், பாதியாகக் குறையுங்கள்.

பிறகு எதை வைத்து அளப்பது? வாயை வைத்துத்தான். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஒரு பாட்டை முழுசாகப் பாட முடிகிறதென்றால் இன்னும் கொஞ்சம் எட்டி வைக்கலாம். நாடித் துடிப்பைப் பார்த்து நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அட்டினோலால், மெட்டோப்ரோலால் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு அதிகம் ஏறாது. வாட்ச் காட்டும் எண்ணை நம்பி உடம்பை விரட்டாதீர்கள்.

மன அழுத்தத்தோடு வருகிறவர்களின் உடம்பைப் பார்த்தாலே தெரியும். தோள்பட்டை காதை நோக்கி ஏறியிருக்கும். பல்லைக் கடித்திருப்பார்கள், தாடை இறுகியிருக்கும். மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும், வயிறு அசையாது. கழுத்தை மெதுவாக ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னால், சாய்க்கும்போதே மூச்சை அடக்கிக்கொள்வார்கள். "மூச்சு விடுங்க" என்பதுதான் கிளினிக்கில் நான் அதிகம் சொல்லும் வாக்கியமாக இருக்கும். விட்டதும் கைக்கடியில் அந்தத் தோள் தானாக ஓர் அங்குலம் இறங்கும். நோயாளிக்கே ஆச்சரியமாக இருக்கும், இவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தோமா என்று.

இந்த உடம்புக்குத் தேவை இன்னொரு டார்கெட் இல்லை. நான் பெரும்பாலும் ஆரம்பித்துக் கொடுப்பது இவ்வளவுதான்: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருவது, பத்து முறை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, கெண்டைக்கால் இழுபடும்வரை நிற்பது. தோளைப் பின்னால் சுழற்றுவது. பார்த்தால் சிரிப்பு வரும். செய்து பாருங்கள். இறங்கும்போது மூன்று எண்ணி இறங்கினால் எட்டாவது முறையில் தொடை நடுங்கும். ஒரே நிபந்தனை, செய்யும்போது டிவி கிடையாது, போன் கிடையாது. பாதம் தரையில் எங்கே அழுந்துகிறது, மூச்சு எப்போது நிற்கிறது என்று கவனித்துச் செய்ய வேண்டும்.

இதற்குத்தான் மைண்ட்ஃபுல்னஸ் என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் எட்டு வாரப் பயிற்சியாக இதைத் தொடங்கியபோது, அவரிடம் வந்தவர்களில் பலர் எந்த வைத்தியத்துக்கும் தீராத நாள்பட்ட வலிக்காரர்கள். விபாசனா என்ற பௌத்தத் தியானமும் ஹட யோகமும் கலந்த பயிற்சி அது. நம் பக்கத்திலிருந்து போனது ஏசி ஹாலுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

"எனக்குத் தியானம் வராது மேடம், கண்ணை மூடினா நூறு நினைப்பு." வரட்டும். நினைப்பே வராமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போன கவனத்தை மூச்சுக்குத் திருப்பிக் கொண்டுவருவதுதான் பயிற்சி. நூறு தடவை போனால் நூறு தடவை. சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்தால் வலியைத்தான் தியானிப்பீர்கள். நாற்காலி போதும். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். எண்ணப் பிடிக்கவில்லையா, மந்திரமோ செபமோ சொல்லுங்கள். லத்தீன் மொழியில் செபமாலை சொன்னாலும் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொன்னாலும் மூச்சு ஏறக்குறைய இதே ஆறுக்கு வந்து நிற்கிறது என்று இத்தாலிய மருத்துவர்கள் 2001-இல் அளந்து காட்டினார்கள். பாட்டி சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு முணுமுணுப்பதைக் கிண்டல் செய்துவிட்டு, ஆப்புக்குச் சந்தா கட்ட வேண்டாம்.

பெண்களிடம் இதைச் சொன்னால் வேறொரு பதில் வரும். "வீட்டு வேலையே போதுமே, அதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" குனிந்து நிமிர்வதெல்லாம் கணக்கில் வரும்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்து என்ன சமைப்பது, யாருக்கு டிபன் கட்டுவது என்ற ஓட்டத்தில் செய்கிற வேலை மனதை இளைப்பாற விடாது. ஐயா பார்க்கில் எட்டுப் போட்டுவிட்டு வருவதற்குள் காபியும் டிபனும் தயாராக வேண்டிய வீட்டில் அம்மாவுக்கு இருபது நிமிஷம் யார் தருவது? நடந்துவிட்டு வரும் ஐயாக்கள் வாரத்தில் மூன்று நாள் அந்த அடுப்படியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரஷருக்கும் நல்லது.

எட்டுப் போடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. பார்க்குகளில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிளினிக்கில் பாதத்தை ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்ப்போம், பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற மெல்லிய இழை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு "எங்க தொட்டேன்?" என்று கேட்டால், "இன்னும் தொடலையே" என்று பதில் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பாதத்தில் கல் குத்தினால் எப்படித் தெரியும்? சாக்ஸில் ஈரம் பட்ட பிறகுதான் புண் இருப்பதே தெரிகிறது. எட்டாக நடந்தாலும் நேராக நடந்தாலும் காலுக்கு ஒன்றுதான். செருப்போ ஷூவோ போட்டு நடங்கள். வந்ததும் அடிப்பாதத்தைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். குதிகால் வலிக்கு ஐஸ் பாட்டிலை உருட்டச் சொல்லும் வீடியோக்களும் மரத்துப்போன பாதத்துக்குச் சொன்னவை அல்ல.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகாதீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். பிரஷர் 180/110-ஐத் தொட்ட நாளில் உடற்பயிற்சி கிடையாது, டாக்டரிடம் போக வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், தலை சுற்றினால் உட்காருங்கள். கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 முதல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள், நல்ல காரியம். முதல் நாளே எட்டையும் முடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள், வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். ரதசப்தமி அன்று திடீரென்று 108 சூரிய நமஸ்காரம் போட்டுவிட்டு மறுநாள் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதேதான்.

இன்னும் ஒன்று, இதை அதட்டாமல் கேட்டுக்கொள்கிறேன். மூச்சுப் பயிற்சியும் நடையும் எல்லா மனக் கஷ்டத்தையும் தீர்க்காது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய பயங்கள் எல்லாம் மேலே வருகின்றன என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் கொடுத்த மாத்திரையை, "இப்பதான் யோகா பண்றேனே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிஷமே 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஃபீஸுக்குப் பயந்து யூடியூபைப் பார்த்துச் செய்கிறேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. நடமாட முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். போகும்போது சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் தினமும் போடுகிற செருப்பையும் எடுத்துப் போங்கள். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே எங்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.