வாட்ச் செயினில் கண்ணி கழற்றும் முன் அம்புக்குறியைப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி, கைக்குட்டையில் சுற்றிய வாட்சைக் கடை மேசையில் வைத்தார். காலமான அவருடைய அப்பா கட்டியிருந்தது. தன் கைக்குச் செயின் லூஸாக இருக்கிறதே என்று வீட்டிலேயே இரண்டு கண்ணிகளைக் கழற்றி மாட்டியிருக்கிறார். பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பத்தாவது நாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது செயின் பிரிந்து வாட்ச் விழுந்துவிட்டது. கண்ணாடியில் விரிசல், நொடி முள் கழன்று டயலில் கிடந்தது.

பிரிந்த இடத்தில், இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன ஊசியான ‘பின்’ இல்லை. அவர் பத்திரமாக வைத்திருந்த மீதிக் கண்ணிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். "கழற்றும்போது சின்னதா குழாய் மாதிரி ஏதாவது விழுந்துச்சா தம்பி?" என்று கேட்டேன். "கவனிக்கலைண்ணே" என்றார்.

அந்தக் குழல்தான் விஷயமே. சில வாட்சுகளில், குறிப்பாக ஜப்பான் கம்பெனி வாட்சுகள் பலவற்றில், பின் என்பது வெறும் கம்பி. அதற்குத் தானாகப் பிடிப்பு கிடையாது. கண்ணியின் துளைக்குள் அரிசியில் பாதிகூட இல்லாத ஒரு உலோகக் குழல் இருக்கும். அதுதான் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறது. பின்னைத் தள்ளும்போது குழலும் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அது இல்லாமலும் பின் உள்ளே போகும், செயின் சேர்ந்ததுபோலத் தெரியும். கை அசைய அசைய, ஒரு நாள் பின் நழுவி வெளியே வரும். அதனால் கழற்றும்போது கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். மொசைக் தரையில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

இன்னொரு வகை, ஒரு முனை பிளந்த பின். அந்தப் பிளவு விரிந்து நிற்பதால்தான் பிடிப்பு. செயினின் உள்பக்கம் சில கண்ணிகளில் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் திசையில் தள்ளிக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அம்புக்கு எதிர்த் திசையில், பிளவில்லாத முனை முதலில் போக வேண்டும். கழற்றும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்தால் பின் வளையும், கண்ணியின் துளையும் கெடும். துளை கெட்டால் புதுப் பின் போட்டாலும் நிற்காது. அம்புக்குறி இருந்தும் தெரியாமல் அடித்த செயின்கள் வாராவாரம் வருகின்றன. பார்க்க வருத்தமாக இருக்கும்.

மாட்டியது சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பின்னின் கடைசிப் பகுதி லேசாகத் தட்டினால்தான் உள்ளே போக வேண்டும். விரலால் தள்ளியே முழுசாகப் போய்விட்டால் பிடிப்பு இல்லை என்று அர்த்தம், கட்டாதீர்கள். போன பிறகு இரண்டு ஓரங்களையும் நகத்தால் தடவிப் பாருங்கள், முனை தட்டுப்படக் கூடாது. அப்புறம் மெத்தைக்கு மேலே பிடித்து, நன்றாக இழுத்து முறுக்கிப் பாருங்கள்.

கண்ணியில் கை வைப்பதற்கு முன்னால் கொக்கியைப் பாருங்கள். அதன் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தால், அங்கே செயினைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னை (முனையை அழுத்தினால் உள்ளே போகும் பின்) அடுத்த துளைக்கு மாற்றினாலே சில மில்லிமீட்டர் குறையும். பலருக்கு அதுவே போதும். ஆனால் ஸ்பிரிங் பின் தெறித்துக் கண்ணில் படலாம். வாட்சையும் கைகளையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தெறித்தாலும் பையைத் தாண்டாது.

கண்ணி எடுத்தே ஆக வேண்டுமென்றால் 12 மணிப் பக்கமும் 6 மணிப் பக்கமும் சமமாக எடுங்கள். ஒற்றைப்படையாக வந்தால் கூடுதல் ஒன்றை 6 மணிப் பக்கம் எடுக்கலாம். ஒரே பக்கம் எடுத்தால் கொக்கி மணிக்கட்டின் ஓரத்துக்குப் போய்விடும், மேசையில் கை வைக்கும்போதெல்லாம் உறுத்தும்.

அளவைக் காலையில் எழுந்ததும் பார்க்காதீர்கள். வெயிலிலும் நடந்து வந்த பிறகும் கை கொஞ்சம் உப்பும். நம் ஊரில் மதியம்தான் சரியான நேரம். கொக்கியைப் பூட்டியதும் சுண்டுவிரல் உள்ளே நுழைய வேண்டும். அதைவிட இறுக்கினால் வியர்வையும் சோப்பும் அடியில் தங்கித் தோல் சிவந்து அரிக்கும்.

தோல் பட்டைக்குக் காய்ச்சிய ஆணியால் துளை போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சூட்டில் தோல் கருகி, துளையின் ஓரம் சீக்கிரம் கிழியும். செருப்பு தைப்பவரிடம் துளை போடும் கருவி இருக்கும்; பழைய துளை ஒன்றைக் காட்டி, அதே அளவில், அதே இடைவெளியில் போடச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் வாட்சுக்குக் கண்ணாடி மாற்றி, முள்ளைப் பொருத்திவிட்டேன். பழைய மாடல் என்பதால் பொருத்தமான குழலும் பின்னும் தேடி எடுக்க ஒரு வாரம் ஆனது. எடுத்த இரண்டு கண்ணிகளையும் சின்ன கவரில் போட்டுக் கொடுத்தேன்.