கொலுசைக் கறுக்க வைத்தவர்கள்

பீரோவில் கிடக்கும் வெள்ளிக் கொலுசு சில மாதத்தில் கறுத்துவிடும். காற்றிலுள்ள கந்தக வாயுக்கள் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்பைடாகப் படிவதுதான் அந்தக் கறுப்பு. நாம் விபூதி போட்டுத் தேய்த்து எடுத்துவிடுகிறோம். நானோ வேதியியலில் ஒரு முடிச்சை அவிழ்க்க உதவியது இதே கறுப்புதான்.

ஒரு தங்க நானோ துகளுக்கு மேல் காட்மியம் சல்பைடை உறையாகப் போர்த்த வேண்டும். எதற்கு? காட்மியம் சல்பைடு ஒரு குறைகடத்தி. நீல ஒளி பட்டால் அதில் ஓர் எலக்ட்ரான் கிளம்பும், அது இருந்த இடத்தில் 'துளை' மிஞ்சும். விட்டால் இரண்டும் உடனே மறுபடி சேர்ந்து, வாங்கிய ஆற்றல் வீணாகிவிடும். ஒட்டினாற்போல உலோகம் இருந்தால் எலக்ட்ரான் அதற்குள் இறங்கிவிடும். சூரிய ஒளியைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முயற்சிகள் பலவும் இந்தப் பிரிவினையை நம்பித்தான் நடக்கின்றன.

சரி, போர்த்துவதில் என்ன கஷ்டம்? படிகத்தில் அணுக்கள் கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கும். தங்கத்தின் கட்டம் 0.408 நானோமீட்டர், கனசதுரக் காட்மியம் சல்பைடின் கட்டம் 0.582. நாற்பது சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம். சின்னச் சட்டத்தில் பெரிய ஓடுகளை வரிசையாக வேயச் சொன்ன மாதிரி. நேரடியாக வளர்த்தால் உறை சீராக மூடாமல் ஒரு பக்கமாக முண்டுகட்டும்.

2010-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மின் ஓயாங் குழு சுற்றுவழியில் போனது. முதலில் தங்கத்தின் மேல் வெள்ளி. அதன் கட்டம் 0.409, தங்கத்தோடு அப்படியே பொருந்தும். தங்க நானோ துகள் கரைசல் சிவப்பாக இருக்கும். வெள்ளி ஏற ஏற மஞ்சளாகும். அப்புறம் கந்தகம் சேர்த்து அந்த வெள்ளியைச் சல்பைடாக்கினார்கள். கொலுசுக்கு நடப்பதேதான், வேண்டுமென்றே, உறை முழுக்க. இந்த அடுக்கில் ஒழுங்கான படிகக் கட்டம் இல்லை. அதனால் தங்கத்தோடு முட்டிக்கொள்ளவும் காரணமில்லை.

கடைசிப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கந்தகம் இருந்த இடத்திலேயே இருக்க, வெள்ளியை மட்டும் வெளியேற்றிக் காட்மியத்தை உள்ளே விட வேண்டும். ஒரு காட்மியம் அயனி நுழைய இரண்டு வெள்ளி அயனிகள் கிளம்ப வேண்டும், அப்போதுதான் மின்னூட்டக் கணக்கு சரியாகும். ஆனால் வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஒட்டு அதிகம், தானாகப் போகாது. டிரைபியூட்டைல்பாஸ்பைன் என்ற திரவம் வெள்ளி அயனியைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகிறது. (நாற்றம் குடலைப் பிரட்டும். காற்றுப் படாமல்தான் கையாள வேண்டும்.) மிஞ்சுவது தங்கத்தைச் சுற்றி ஒரே படிகமாக அமைந்த காட்மியம் சல்பைடு உறை.

காட்மியம் நச்சு என்பது ஒரு தலைவலி. இன்னொன்று, எலக்ட்ரான் போனபின் தேங்கும் துளைகள் உறையின் கந்தகத்தையே அரிக்கத் தொடங்கும். அதனால் காட்மியம் சல்பைடை வைத்து ஹைட்ரஜன் எடுக்கும் சோதனைகளில் பெரும்பாலும் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் போல ஏதாவது ஒன்றைக் குப்பியில் ஊற்றிவைக்கிறார்கள், துளைகள் முதலில் அதைத் தின்னட்டும் என்று.