‘டக்’ என்றதும் கையை எடுங்கள்

இந்த மாதத்தில் என் பட்டறைக்கு இப்படி வந்த மூன்றாவது வண்டி இது. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு வந்த வாடகை ஜீப்பின் முன் சக்கரத்தில் ஒரு ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் மரையுள்ள திருகாணி) முறிந்திருந்தது, இன்னொன்று இழுபட்டு மெலிந்திருந்தது. “டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கினோம் அண்ணா, டக் டக்கென்று நாலைந்து முறை சத்தம் கேட்டது” என்றார் ஓட்டுநர் தம்பி. கோளாறே அந்த நாலைந்து முறையில்தான் இருக்கிறது.

டார்க் ரெஞ்ச் என்பது எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளவு வைத்து நட்டை இறுக்கும் கருவி. அந்த அளவு வந்ததும் அது தானாக நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. கைப்பிடியைத் திருகி அளவு வைக்கும்போது உள்ளே ஒரு கெட்டியான சுருள்வில் அமுங்குகிறது. வில்லின் முனையில் உள்ள சிறிய உலோகக் கட்டைதான் ரெஞ்ச் தலையின் வால் நகராமல் தாங்குகிறது. நீங்கள் இழுக்கும் விசை வில்லை மிஞ்சினால் கட்டை சரியும், வால் கைப்பிடிக் குழாயின் உட்சுவரில் மோதும். அந்த மோதல்தான் ‘டக்’. கை சில பாகை தளர்வாக நகரும், அவ்வளவே. அதற்கு மேலும் இழுத்தால் வால் சுவரில் ஊன்றிவிடும். அப்போது உங்கள் கையில் இருப்பது வெறும் இரும்புத் தடி. 110 நியூட்டன் மீட்டரில் வைத்த ரெஞ்சால் 180க்கும் இறுக்கலாம், அது தடுக்காது. வெடுக்கென்று இழுப்பவருக்குச் சத்தம் கேட்பதற்குள்ளேயே அளவு தாண்டிவிடும்.

ஸ்டட்டும் ஒரு வில்தான். அளவோடு இழுபட்டால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லை தாண்டி இழுபட்டால் பிடிமானம் போய்விடும். மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த ஸ்டட்டை நம்பித்தான் இறங்குகிறீர்கள்!

கைப்பிடியின் நடுவில் பிடித்து நிதானமாக இழுங்கள். ‘டக்’ கேட்டதும் விடுங்கள். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். மரையில் எண்ணெய் தடவாதீர்கள். உராய்வு குறைந்து, அதே அளவிலேயே ஸ்டட் கூடுதலாக இழுபடும். நட்டைக் கழற்ற இந்த ரெஞ்சை எடுக்கவே கூடாது, அதற்கு வீல் ஸ்பேனர் இருக்கிறது. வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள். அமுங்கியபடியே மாதக்கணக்கில் கிடந்த வில் சரியான அளவு காட்டாது. பட்டறை வைத்திருப்பவர்கள் 5,000 இழுப்புக்கு அல்லது ஆண்டுக்கு ஒரு முறையாவது அளவைச் சரிபார்க்கக் கொடுங்கள். கீழே விழுந்த ரெஞ்சை உடனே கொடுங்கள். பனி ஈரத்தில் உள்ளே துருப்பிடித்த ரெஞ்சுகளையும் இங்கே நிறையப் பார்க்கிறேன்.

சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறிய பிறகு மறுபடி ஒரு முறை பாருங்கள். மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் வந்துவிடும். தயவுசெய்து பட்டறைப் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். ஐந்து நிமிட வேலை, காசு வாங்கமாட்டேன்.