ஆங்கரிங்: நங்கூரமா, முளைக்குச்சியா?

சேலத்தில் ‘ஆங்கர்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் டிவியில் நிகழ்ச்சி நடத்துகிறவரை நினைப்பார், எலக்ட்ரீஷியன் சுவிட்சை நினைப்பார், ஷெட் போடுகிறவர் கான்கிரீட்டில் இறக்கும் போல்ட்டை நினைப்பார். கப்பல் யாருக்கும் ஞாபகம் வராது. கடல் பார்க்கவே நாம் பல மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். அதனால்தானோ என்னவோ, உளவியலில் வரும் ‘ஆங்கரிங்’கை ‘நங்கூர விளைவு’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அது ஒட்டுவதில்லை.

விஷயம் என்னவோ நமக்குப் பழகியதுதான். போன சீசனில் சின்னக் கடைவீதிப் பக்கம் இமாம்பசந்த் வாங்க நின்றேன். “கிலோ இருநூத்தி நாப்பது, எடுத்துக்க கண்ணு” என்றார் கூடைக்கார அம்மா. நான் 160-க்குக் கேட்டேன். அவர் பழத்தை மூக்குக்கு நேரே நீட்டினார், நான் நகர்வதுபோல் நடித்தேன், கடைசியில் 190-க்கு முடிந்தது. ஐம்பது ரூபாய் குறைத்துவிட்ட பெருமையோடு பத்துக் கடை தள்ளி வந்தால், அதே பழம், அட்டையில் சாக்பீஸால் 150 என்று எழுதியிருக்கிறது. 240 என்ற எண் காதில் விழாமல் இருந்திருந்தால் நான் 160-லேயே ஆரம்பித்திருக்க மாட்டேன். முதலில் காதில் விழுந்த எண்ணைச் சுற்றியே நம் கணிப்பு வட்டமடிப்பதைத்தான் ஆங்கரிங் என்கிறார்கள்.

சரி, மாம்பழக்கார அம்மா சொன்னது விலை. அதற்கும் பழத்துக்கும் ஒரு சம்பந்தமாவது உண்டு. சம்பந்தமே இல்லாத எண்ணும் இதே வேலையைச் செய்யும் என்பதுதான் ஆச்சரியம். உளவியலாளர்கள் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. 0 முதல் 100 வரை எண் போட்ட சக்கரம் ஒன்றைச் சுற்றவிட்டார்கள். அது 10-இலோ 65-இலோ மட்டுமே நிற்கும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள். ஐ.நா. சபை உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்பது கேள்வி. சக்கரத்தில் வந்த எண்ணைவிடக் கூடுதலா குறைவா என்று முதலில் சொல்லவேண்டும், அப்புறம் தங்கள் கணிப்பைச் சொல்லவேண்டும். 10-ஐப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடுமதிப்பு 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கு ஆப்பிரிக்காவைப் பற்றி என்ன தெரியும்?

படித்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்று நினைக்கவேண்டாம். ஜெர்மனியில் சட்டத் துறையினரிடம் கடைத் திருட்டு வழக்கு ஒன்றைக் கொடுத்து, அரசுத் தரப்பு கேட்கும் தண்டனை எத்தனை மாதம் என்பதைத் தாயக்கட்டை உருட்டித் தீர்மானிக்கச் சொன்னார்கள். இரண்டு கட்டையும் சேர்த்து 3 அல்லது 9 மட்டும் விழும்படி செய்யப்பட்டது. 2006-இல் வெளியான முடிவு: 3 விழுந்தவர்கள் சராசரியாக ஐந்து மாதம் போல, 9 விழுந்தவர்கள் எட்டு மாதம் போலத் தீர்ப்புச் சொன்னார்கள். உருட்டியது அவர்கள் கைதான்.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு ‘ஆங்கர்’ லத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து போனது. கிரேக்கத்தில் ‘அங்கூரா’. வேரின் பொருள் வளைவு. நம் ஊர் யானைப் பாகன் கையில் இருக்கும் அங்குசமும் சமஸ்கிருதம் வழியாக அதே வளைவு வேரிலிருந்து வந்ததுதான். ஆக ஆங்கரும் அங்குசமும் தூரத்துப் பங்காளிகள். நங்கூரமோ பாரசீக ‘லங்கர்’ தமிழுக்கு வந்து லகரம் நகரமான கதை என்று அகராதி சொல்கிறது. வேற்றுமொழிச் சொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. கடற்கரைக்காரர்களுக்கு அது நல்ல சொல்தான். ஆனால் ‘நங்கூரம் பாய்ச்சியது’ என்றால் நம் காதுக்குக் கப்பல் நின்றுவிட்டது என்றுதான் கேட்கிறது. இங்கே நடப்பதோ நிற்பது அல்ல, நகர்வது. நானும் 240-லிருந்து நகர்ந்தேன். போதிய தூரம் நகரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் முன்வைப்பது ‘முளை’. பேச்சில் மொளக்குச்சி. தாத்தா காட்டில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய் வரப்போரம் முளையடித்துக் கட்டிவிட்டு வருவார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் குச்சியைச் சுற்றி வட்டமாகச் சிரைத்துவிட்டதுபோல் இருக்கும். வட்டத்துக்கு வெளியே முழங்கால் உயரப் புல். மாடு கயிறு விறைக்கக் கழுத்தை நீட்டி, நாக்கால் அந்தப் புல்லின் நுனியைத் தொட முயன்றுகொண்டிருக்கும். பகல் முழுக்க நடந்த மாடுதான், ஆனால் கயிறு விட்ட தூரம் வரைக்கும்தான். ‘முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்து, திருத்திக்கொண்டே போய், பாதியிலேயே நின்றுவிடுகிறோம்’ என்று ட்வெர்ஸ்கியும் கானமனும் கொடுத்த விளக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்குமா?

எல்லா ஆய்வாளர்களும் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராக், தாமஸ் முஸ்வைலர் இருவரும் 1997-இல் மகாத்மா காந்தியை வைத்துக் கேட்டார்கள். சிலரிடம், காந்தி 9 வயதுக்கு முன் இறந்தாரா பின்னா? வேறு சிலரிடம், 140 வயதுக்கு முன்னா பின்னா? இரண்டுமே அபத்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இறந்த வயதைக் கணிக்கச் சொன்னதும் முதல் கூட்டம் சராசரியாக 50 என்றது, இரண்டாவது 67 என்றது. (உண்மை 78.) எண்ணைக் கேட்டவுடன் அதற்கு ஏற்ற நினைவுகள் மனத்தில் எழும்புகின்றன என்பது இவர்கள் விளக்கம். 140 என்று கேட்டால் கைத்தடியும் பொக்கை வாயும் முன்னால் வந்து நிற்கும். தமிழில் முளை என்றால் குச்சி மட்டுமா? விதையிலிருந்து கிளம்புவதும் முளைதானே. ஒரு எண்ணை ஊன்றினால் அதிலிருந்து எண்ணங்கள் முளைக்கின்றன. போட்டி போடும் இரண்டு விளக்கங்களும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. நங்கூரத்தால் இது முடியாது.

புழக்கத்துக்கு வேண்டுமானால், முதலில் ஊன்றப்படுவது முளையெண். கடையில் அது முளைவிலை. அதனால் கணிப்பு ஒருபக்கம் இழுபடுவது முளைச்சாய்வு. ‘யானை விலை சொல்றான்’ என்கிறோமே, அதுதான் முளைவிலை. என்ன, கயிறு கொஞ்சம் நீளம்.

மாட்டுச் சந்தைத் தரகர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியாது. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சொன்ன விலை அந்த இரண்டு கைகளைத் தாண்டாது. சுற்றி நிற்பவர்களில் அடுத்து வாங்கப்போகிறவர் யாரோ, அவர் மனத்தில் முளை அடிபடாது. துண்டுக்குள் கைவிட்டவர் பாடு வேறு.

முளையைப் பிடுங்கவும் வழி இருக்கிறது. முஸ்வைலர் குழு 2000-இல் கார் விலை மதிப்பிடும் தொழில்காரர்களிடம் இதைப் பார்த்தது. சொல்லப்பட்ட விலை ஏன் தப்பாக இருக்கலாம் என்று காரணம் தேடச் சொன்னபோது எண்ணின் இழுப்பு குறைந்தது. மறுவாரம் நானும் அதே கூடைக்கு முன்னால் நின்று, இந்தத் தடவை சொன்ன 220 ஏன் அதிகம் என்று மனத்துக்குள் காரணம் தேடினேன். சீசன் உச்சம், பழம் நன்றாகக் கனிந்துவிட்டது, இன்று விற்காவிட்டால் நாளைக்கு அழுகல். மூன்று காரணம் தேறியது. “140” என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நூத்தம்பது குடு, கண்ணு” என்று தராசை எடுத்தார்.