தினமும் நடந்தும் ஏன் மூச்சு வாங்குகிறது?

"தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன் தம்பி. அப்படியிருந்தும் தண்ணீர்மலையில் பாதிப் படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்" என்றார் அந்த அக்கா. வயது 58. தைப்பூசம் முடிந்த வாரம் தோள் வலிக்காக என்னிடம் சிகிச்சைக்கு வந்திருந்தார். பினாங்கின் அந்த மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். மூன்று ஆண்டுகள் விடாமல் நடந்தவருக்கு ஏன் இப்படி? முதலில் இதய மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். சோதனைகளில் குறை ஏதுமில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை தாவரவியல் பூங்காவில் அவரோடு நானும் நடந்தேன். கூடவே மூன்று தோழிகள். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் தொடங்கிய பேச்சு, வாசலுக்குத் திரும்பும்வரை ஓரிடத்திலும் அறுபடவில்லை. நடுவே ஒரு பஜனைப் பாட்டையும் முழுதாகப் பாடினார். காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

நடக்கத் தொடங்கிய புதிதில் அந்த வேகம் அவர் இதயத்துக்கு வேலையாக இருந்தது. அதற்குப் பழகியதும் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளும் தேவை இதயத்துக்கு இல்லை; கூடுதல் ஆக்சிஜனை எரிக்கும் தேவை தசைக்கும் இல்லை. அந்த நடை வீணென்று சொல்ல மாட்டேன். இனிப்புநீர் கட்டுப்பட, நன்றாகத் தூங்க, மனம் தெளிய அது உதவுகிறது. படி ஏறும் தெம்புக்கு மட்டும் அது போதாது.

தீவிரத்தை அளக்க மூச்சே போதும். பாட முடிந்தால் லேசான பயிற்சி. பேச வருகிறது, பாட வரவில்லை என்றால் மிதமானது. நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது. வாரத்துக்கு மிதமானதில் 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையானதில் 75 முதல் 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. நம் ஊர்ப் புழுக்கத்திலோ அதே நடைக்கு அது கூடுதலாக ஏறும்.

அக்காவுக்கு நான் சொன்னது ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த முறை: மூன்று நிமிடம் வேக நடை, மூன்று நிமிடம் மெதுநடை, இப்படி ஐந்து சுற்று, வாரம் நான்கு நாள். முதல் வாரம் இரண்டே சுற்று. அதை மீற வேண்டாமென்று கண்டிப்பாகவே சொன்னேன். எடுத்த எடுப்பில் தினமும் முழு மூச்சாக இறங்கி, தசை கிழிந்து வரும் இளைஞர்களை மாதந்தோறும் பார்க்கிறேன். கடும் பயிற்சிக்குப் பின் உடலுக்கு ஓய்வு நாள் வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேகத்தைக் கூட்டவே கூடாது. பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். இறுக்கம் விடவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நான்கு மாதம் கழித்து அக்கா மறுபடி தண்ணீர்மலை ஏறினார். இரண்டு இடத்தில் நின்றார், உட்காரவில்லை. சென்ற வாரம் வந்தபோது, "அந்த மூன்று நிமிடத்திலும் இப்போது பேச்சு வருகிறது தம்பி" என்றார். வேக நடையைப் பூங்காவின் ஏற்றப் பாதைக்கு மாற்றிவிட்டோம்.