மனைவிக்கே செய்துவிடுங்கள் என்று சொல்லும் முன்

போன மாதம் எங்கள் பிரசவ வார்டில் ஒரு பெண். சிறுவயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர். இரண்டாவது பிரசவத்தில் மூச்சுத் திணறி, இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் பக்கத்திலேயே நிற்க, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தோம். இனி இன்னொரு கர்ப்பத்தை இந்த இதயம் தாங்காது என்று வீட்டாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அதுக்கென்ன டாக்டரம்மா, கையோட கு.க. பண்ணி விட்டுருங்க" என்றார் மாமியார். கு.க. என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்.

இவருக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து, கணவருக்குச் செய்தால் பதினைந்து நிமிட வேலை என்றேன். மாமியாரின் முகம் மாறிவிட்டது. "அவன் மூட்டை தூக்குற புள்ளைங்க. இடுப்பு விட்டுப்போச்சுன்னா குடும்பம் என்னாகுறது?" கணவர் வாயே திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்தான், "எனக்கே பண்ணிடுங்க மேடம்" என்றார். பிரசவமாகி முழுசாக இரண்டு நாள்கூட ஆகாதவர்.

இந்தப் பேச்சை எத்தனை வருடமாகக் கேட்பது? இதயநோய், ரத்தசோகை, முன்பு செய்த சிசேரியனால் ஒட்டிக்கொண்ட குடல் என்று காரணம் எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: அவளுக்கே செய்துவிடுங்கள்.

பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் நம்முடையது. பெருமைதான். அதே 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைக் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 சதவீதம். ஆயிரம் வீடுகளில் ஒரு வீடு! நாடு முழுவதும் பார்த்தாலும் 37.9-க்கு 0.3 தான். படிக்காதவர்கள்தான் இப்படி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இன்ஜினியர்களும் ஆசிரியர்களும் இதே பதிலைத்தான், இன்னும் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார்கள்.

சரி, அந்த 'இடுப்பு விட்டுப்போகும்' கதைக்கு வருவோம். ஆண்மை போய்விடும், உடம்பு தளர்ந்துவிடும், பாரம் தூக்க முடியாது, தாம்பத்தியம் கெட்டுவிடும் என்று இது பல வடிவங்களில் வரும். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். ஆணின் பலம் விந்தில் இருக்கிறது, குழாயை வெட்டினால் பலம் அடைபட்டுப்போகும் என்ற நினைப்பு. பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். தாடி மீசை, தசை வலு, ஆசை இவற்றுக்குக் காரணம் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன். அது விரைகளில் சுரந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. விந்துக் குழாய் வழியாக அது போவதே இல்லை. அந்தக் குழாயில் வருவது உயிரணுக்கள் மட்டும். வெளிவரும் விந்தில் மிகப் பெரும்பகுதி அதற்கு மேலே உள்ள சுரப்பிகளின் நீர். குழாயை அடைத்த பிறகும் அது வழக்கம்போல வரும். அளவில் வித்தியாசம் தெரியாது. விறைப்பு, உச்சம் எதுவும் மாறாது. உயிரணுக்கள் உள்ளே தேங்கி விஷமாகும் என்றும் ஒரு கதை உண்டு. அவற்றை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. விரையை எடுத்துவிடுவார்கள், காளைக்குக் காயடிப்பது மாதிரி என்று ஒருவர் என்னிடமே சொன்னார். விரையை யாரும் தொடப்போவதில்லை ஐயா. இடுப்பு எலும்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது செய்யும் நவீன வாசக்டமியில், அதாவது ஆணுக்கான கருத்தடை ஆபரேஷனில், கத்தியே கிடையாது. மரப்பு ஊசி போட்டு, தோலில் சின்னத் துளை போட்டு, குழாயை வெளியே எடுத்து வெட்டிக் கட்டி உள்ளே விடுவார்கள். தையல் இல்லை. அரைமணி, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும், அல்லது வயிற்றில் காற்றை நிரப்பி லேப்ராஸ்கோபி செய்ய வேண்டும். குடல், ரத்தக்குழாய் எல்லாம் பக்கத்தில் இருக்கும் இடம் அது. ஆணுக்குச் சிக்கலே வராது என்று நான் சொல்லவில்லை. சிலருக்குச் சில நாள் வீக்கம் இருக்கும், மிகச் சிலருக்கு வலி நீடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சின்ன ஆபரேஷன் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 1950களிலேயே ஆண்களுக்கு இந்தச் சிகிச்சையை ஊக்கத்தொகை கொடுத்து நடத்தியது அன்றைய சென்னை மாநிலம். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடிநிலை வந்தது. 1976-77இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குச் செய்தார்கள், பலருக்கு மிரட்டியும் கட்டாயப்படுத்தியும். அந்தக் கொடுமைக்குப் பிறகு அரசுகள் ஆண்கள் பக்கம் அதிகம் போகவில்லை. மொத்தச் சுமையும் பெண்கள் மேல் இறங்கியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்து, அவர்களில் 13 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

'அவன் வேலைக்குப் போகிறவன்' என்பதும் எனக்குப் புரியவில்லை. அவள் போகவில்லையா? ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் நிற்கும் பெண்கள்தான் என் ஓ.பி.யில் பாதிப்பேர். வயிற்றில் தையலோடு வீட்டுக்குப் போய், ஒரு வாரத்தில் தண்ணீர்க் குடம் தூக்கி, தையல் விட்டு, சீழ் கட்டித் திரும்பி வருகிறார்கள். இழந்த கூலியைக் கணக்கில் எடுப்பவர் யாருமில்லை. அவனுடைய இரண்டு நாள் சம்பளம் மட்டும் எல்லாருக்கும் பெரிதாகத் தெரிகிறது.

சக மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமும் இதை வளர்க்கிறோம். பிரசவ வார்டில் தாயிடம் மட்டும் பேசி, படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். சிசேரியன் என்றால் 'அப்படியே சேர்த்து' செய்துவிடுகிறோம். கணவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுவதில்லை. கர்ப்ப காலத்தில் ஸ்கேனுக்குக் கூட வரும்போதே பேச்சை எடுங்கள். வலி வந்து கத்திக்கொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள். இன்னொன்று, ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டியவர் செய்துகொள்பவர்தான். கணவன் அல்லது மனைவியின் கையெழுத்து கட்டாயம் என்று விதி கிடையாது. தாயே மனமில்லாமல் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது.

கணவர்களுக்கு: குழந்தை போதும் என்று இருவரும் உறுதியாக முடிவெடுத்த பிறகு மட்டும் வாருங்கள். இது நிரந்தரமானது, திரும்பச் சேர்க்க முடியும் என்ற நம்பிக்கையில் செய்துகொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு. நவம்பர் கடைசியில் ஆண் கருத்தடைக்கென்று அரசு நடத்தும் இருவார விழாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், விரைவீக்கமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுப்படுத்திவிட்டு வாருங்கள். செய்த பிறகு இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை. ஒரு வாரம் சைக்கிள், பைக், பாரம் வேண்டாம். அப்புறம் மூட்டை தூக்கலாம், தாராளமாக. காய்ச்சலோ, வீக்கம் பெரிதாவதோ தெரிந்தால் உடனே வந்துவிடுங்கள், பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

மிக முக்கியமானது, செய்த அன்றே பலன் கிடைக்காது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் உயிரணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று உறுதியான பிறகுதான் ஆணுறையை நிறுத்த வேண்டும். இந்தப் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிட்டு, மனைவி கர்ப்பமானதும் அவர்மேல் சந்தேகப்பட்டு அடித்து, பஞ்சாயத்து வரை இழுத்த ஆண்களைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனைத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு வரும்போது இருவரும் சேர்ந்தே வாருங்கள்.