இரண்டு ஆண் ஆமைகளுக்கு ஒரு கொல்லை போதாது

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மொஹாவி பாலைவன ஆமையைச் சட்டப்படி தத்தெடுத்து வளர்க்கலாம். ஆனால் 2013 முதல் புதிதாகத் தத்தெடுப்பவர்களுக்கு வீட்டுக்கு ஒன்றுதான். கொல்லைகளில் கணக்கில்லாமல் குஞ்சு பொரித்துப் பெருகுவதைத் தடுக்க வந்த விதி அது. (நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) ஆமைகளின் பக்கம் நின்று பார்த்தாலும் நல்ல விதிதான். வாழ்நாளின் பெரும்பகுதியை வளைக்குள் கழிக்கும் பிராணி இது. தனியாக இருக்கிறதே, பாவம் என்று இன்னொன்றைக் கொண்டுவந்து விடுவதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது.

ஆணின் வயிற்றுப்பக்க ஓடு கழுத்துக்குக் கீழே கொம்பு போல நீண்டிருக்கும். இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் முதலில் தலையை மேலும் கீழும் ஆட்டும். அப்புறம் பாய்ந்து மோதும். எதிராளியின் ஓட்டு விளிம்புக்கு அடியில் கொம்பைச் செருகி, நெம்பிக் கவிழ்க்கப் பார்க்கும். மல்லாந்த ஆமை பல நேரம் தானே புரண்டுவிடும். முடியாமல் போனால் ஆபத்து. அதன் நுரையீரல் முதுகோட்டை ஒட்டி இருப்பதால் மற்ற உறுப்புகளின் எடை அதன்மேல் அழுந்தும். பாலைவன வெயிலில் உடல் சூடேறி உயிரே போகலாம்.

கோடையின் கடைசியில் ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உச்சத்துக்குப் போகும். தாடைக்குக் கீழே உள்ள சுரப்பிகள் வீங்கும். அவற்றின் வாசனையே எதிரே நிற்பது யார் என்று சொல்லிவிடும். சண்டை மும்முரமாவதும் அப்போதுதான்.

காட்டில் இதற்கு ஒரு முடிவு உண்டு. தோற்றது நடையைக் கட்டிவிடும், அவ்வளவுதான். கொல்லையில் சுவர் நிற்கிறது. தோற்றது போக இடமில்லை, அதன் வாசனையும் அங்கேயே சுற்றுகிறது. எனவே அதே சண்டை மறுநாளும் தொடங்கும்.

மோதலைவிட எனக்குக் கவலை தருவது சத்தமில்லாத அடக்குமுறைதான். ஒன்று மற்றதை விடாமல் பின்தொடரும், தீனியின் மேல் ஏறி நிற்கும், வளை வாசலை மறித்துப் படுக்கும். பார்ப்பவர்கள் எவ்வளவு ஒற்றுமை என்று மகிழ்வார்கள். அடங்கிப்போனதோ சாப்பிடாமல் ஒளிந்து இளைத்துக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை எடை போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

ஆணும் பெண்ணும் என்றால் சரியாகிவிடாது. இணைசேர முட்டுவதும் கடிப்பதும் ஆணின் வழக்கம், ஓய்வே கிடைக்காத பெண் நொந்துபோகும். பெண்களை மட்டும் சேர்த்து வைக்கலாம், அவற்றுக்குள்ளும் சண்டை வருவதுண்டு. ஆமைகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக வளைகள், தள்ளித் தள்ளித் தீனி, ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவே புதரும் பாறையும் வேண்டும். புதிதாக வருவதை முதலில் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும், மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் சுவாச நோய் எளிதில் தொற்றும்.

இரண்டு ஆண்களுக்கு மட்டும் சமாதானம் கிடையாது. பழகிவிடும் என்று காத்திருக்காமல் நிரந்தரமாகப் பிரித்துவிடுங்கள். கம்பி வலை உதவாது. மறுபக்கம் எதிரி தெரியும்வரை வேலியோரமாகவே நடந்து ஓய்ந்துபோகும். ஊடே எதுவும் தெரியாத கெட்டித் தடுப்பாகக் கட்டுங்கள்.